குச்சியும் தூரிகையும் – பல் துலக்குதலை அளந்து பார்த்த கதை

தஞ்சாவூருக்கு அருகில் ஒரு வல்லம் உண்டு. பலரும் அறிந்தது அதுதான். செஞ்சிக் கோட்டைக்கு அருகிலும் ஒரு வல்லம் இருக்கிறது. ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். இந்தப் பகுதிச் சிற்றூர்களில் விடியற்காலையில் நடந்தால் பல் துலக்கும் கலையின் வரலாறு முழுவதையும் ஒரே தெருவில் பார்த்துவிடலாம். திண்ணையில் ஒரு பெரியவர் வேப்பங்குச்சியை மென்றுகொண்டிருப்பார். அடுத்த வீட்டு ஆயா இடக்கையில் கொஞ்சம் உமிக்கரியை வைத்துக்கொண்டு வலக்கைச் சுட்டுவிரலால் தேய்ப்பார். அவருடைய பேரன் நைலான் பிரஷ்ஷும் பற்பசையுமாகக் குழாயடியில் நிற்பான். இம்மூவரில் யாருடைய பல் அதிகத் தூய்மை அடைகிறது? வகுப்பில் மாணவர்கள் கேட்கும் கேள்விதான் இது. பதில் சொல்ல வேண்டுமானால் முதலில் வேறொரு கேள்விக்கு விடை வேண்டும்: பல்லின் தூய்மையை எப்படி அளப்பது?

நீளத்தை அளக்க அளவுகோல் உண்டு. வெப்பநிலைக்கு வெப்பமானி உண்டு. பல்லின் அழுக்குக்கு என்ன உண்டு? இந்தக் கேள்விக்கு விடை கிடைக்க ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் ஆயின.

முதல் சோதனை

1683-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரத்தில் துணி வணிகம் செய்து வந்த ஆண்டன் வான் லீவன்ஹுக், இலண்டன் ராயல் கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். தாம் நாள்தோறும் உப்பால் பல்லைத் தேய்ப்பதாகவும், பற்களுக்கிடையே குச்சியால் குத்தி எடுப்பதாகவும், பிறகு துணியால் துடைப்பதாகவும் அதில் கூறியிருந்தார். தம் வயதுடையவர்களில் இத்தனை தூய பற்கள் சிலருக்கே உண்டு என்பது அவருடைய எண்ணம். ஆனாலும் கடைவாய்ப் பற்களின் இடுக்கில் மாவுக்கரைசல் போல வெண்மையான ஒரு பொருள் தங்கியிருந்தது. அதை எடுத்து மழைநீரில் கலந்து, தாமே செய்த ஒற்றை வில்லை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தார். மிகச் சிறிய உயிர்கள் அதில் துள்ளித் திரிந்தன!

அவர் அதோடு நிற்கவில்லை. பெண்களின் பல்லழுக்கையும், வாழ்நாளில் பல்லே துலக்காத ஒரு முதியவரின் பல்லழுக்கையும் கேட்டு வாங்கிப் பார்த்தார். முதியவருடையதில் உயிர்கள் மொய்த்துக் கிடந்தன. பாக்டீரியாக்களை மனிதர் கண்ட தொடக்கக் காலக் காட்சிகளில் ஒன்றாக இந்தக் கடிதத்தை நூல்கள் குறிப்பிடும். அதில் இன்னொரு செய்தியும் உண்டு. துலக்கிய வாயையும் துலக்காத வாயையும் ஒப்பிட்டு, துலக்கிய வாயிலும் அழுக்கு எங்கே எஞ்சுகிறது என்று தேடியவர் அவர். பற்களின் இடுக்கில்தான் எஞ்சுகிறது என்று அவர் கண்டதை இன்றைய ஆய்வுகளும் மாற்றிச் சொல்லவில்லை.

அந்த வெண்பொருளைத்தான் பல் மருத்துவர்கள் பிளேக் என்கிறார்கள். நாம் பற்படலம் என்போம். துலக்கிய சில நிமிடங்களிலேயே உமிழ்நீரில் உள்ள புரதங்கள் பல்லின்மேல் மெல்லிய பூச்சாகப் படிகின்றன. சில மணி நேரத்துக்குள் பாக்டீரியாக்கள் அந்தப் பூச்சில் ஒட்டிக்கொண்டு பெருகத் தொடங்குகின்றன. தமக்குள் பசைபோன்ற பொருளைச் சுரந்து ஒரு கூட்டுக்குடியிருப்பை அமைத்துக்கொள்கின்றன. இந்தப் பசைதான் இடையூறு. வாயை எத்தனை முறை கொப்பளித்தாலும் படலம் போவதில்லை. ஏதாவது ஒரு பொருள் அதைத் தொட்டு உரச வேண்டும். உரசாமல் விட்டால் உமிழ்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து அதில் இறங்கிப் பற்காரையாக இறுகிவிடும். பிறகு எந்தப் பிரஷ்ஷுக்கும் அது அசையாது. பல் மருத்துவரின் கருவிதான் வேண்டும்.

பன்னிரண்டு விரற்கடை

லீவன்ஹுக்குக்கு ஆயிரம் ஆண்டு முன்னதாகவே நம் நாட்டில் பல் துலக்கும் கருவிக்கு அளவு வகுத்திருந்தார்கள். பற்குச்சி பன்னிரண்டு விரற்கடை நீளமும் சுண்டுவிரல் பருமனும் இருக்க வேண்டும், கணு இருக்கக் கூடாது என்பது சுசுருத சங்கிதையின் விதி. கசப்பு மரங்களில் வேம்பு சிறந்தது என்றும் அது கூறுகிறது. ஏழாம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்து நாளந்தாவில் தங்கிப் பயின்ற சீனத் துறவி இத்-சிங் இதே அளவைத் தம் குறிப்பில் எழுதியுள்ளார். நுனியை நன்றாக மென்று பல்லைத் தேய்க்க வேண்டும். முடிந்ததும் குச்சியைப் பிளந்து வளைத்து நாக்கை வழிக்க வேண்டும் என்கிறார். சீன நாட்டவர் இதை வில்லோ மரக்கிளை என்று தவறாக எண்ணுகிறார்கள் என்று திருத்தவும் செய்கிறார். நம் ஊரில் ஆலையும் வேலையும் பல்லோடு சேர்த்துச் சொல்லும் பழமொழியை அறியாதவர் யார்?

அரபு நாடுகளிலும் ஆப்பிரிக்காவிலும் இவ்விடத்தை மிசுவாக் என்னும் குச்சி பிடித்திருக்கிறது. 1980-களில் உலக சுகாதார நிறுவனம், குச்சி வழக்கம் உள்ள நாடுகளில் அதையே ஊக்குவிக்கலாம் என்று பரிந்துரைத்தது. ஆகவே குச்சியைப் பழமை என்று தள்ளிவிடுவதற்கில்லை.

மயிர் வைத்த தூரிகை சீனத்தில் பிறந்தது. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் எலும்புப் பிடியில் பன்றி மயிரைப் பதித்த பிரஷ் அங்கே வழக்கில் இருந்தது. ஐரோப்பாவில் அதைப் பெருந்தொழிலாக்கியவர் வில்லியம் அடிஸ் என்னும் ஆங்கிலேயர். ஆண்டு 1780 வாக்கில். கலகம் ஒன்றில் சிக்கிச் சிறையிலிருந்தபோது, உணவில் மிஞ்சிய எலும்பில் துளையிட்டு மயிரைக் கட்டி முதல் பிரஷ்ஷைச் செய்தார் என்பது அவருடைய குடும்பம் சொல்லும் கதை. உண்மையோ அல்லவோ, கதை நன்றாக இருக்கிறது. மாட்டெலும்புப் பிடியும் பன்றி மயிரும் கொண்ட கருவியை நம் நாட்டு வீடுகள் நெடுங்காலம் வாசலுக்குள் விடாததில் வியப்பில்லை. அந்த இடைவெளியைப் பற்பொடி நிரப்பியது. 1913-இல் தொடங்கிய நஞ்சன்கூடு பற்பொடி நம் பாட்டனார் காலத்து வீடுகளில் மணத்தது. பின்னர்க் கோபால் பல்பொடியின் பெயர் இலங்கை வானொலி வழியாக ஊர்தோறும் ஒலித்தது.

நிலைமையை மாற்றியது ஓர் இரசாயனக் கண்டுபிடிப்பு. டூபான்ட் கம்பெனியில் வாலஸ் கரோதர்ஸின் குழு 1935-இல் உருவாக்கிய நைலான், 1938 பிப்ரவரியில் அமெரிக்கக் கடைகளில் பிரஷ் இழையாக விற்பனைக்கு வந்தது. நைலான் காலுறை அதற்குப் பிறகுதான் வந்தது! பன்றி மயிர் தண்ணீரில் ஊறித் தொய்ந்துவிடும். நடுவில் உட்குழல் இருப்பதால் கிருமி தங்கும். ஒரு மயிரைப் போல இன்னொன்று இராது. நைலானையோ வேண்டிய விட்டத்தில் இழுக்கலாம். ஒப்பிடுதல் என்ற செயலே அப்போதுதான் சாத்தியமாயிற்று. ஒரே மாதிரி ஆயிரம் பிரஷ்கள் இல்லாமல் எதை எதோடு ஒப்பிடுவது?

இழையின் இயற்பியல்

இந்த வாய்ப்பை முதலில் முழுமையாகப் பயன்படுத்தியவர் ஒரு பல் மருத்துவர் அல்லர். சார்லஸ் பாஸ் என்பவர் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் டூலேன் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியின் தலைவராக இருந்தவர். கொக்கிப்புழு, மலேரியா ஆகியவற்றை ஆராய்ந்தவர். பணி ஓய்வை ஒட்டிய காலத்தில் பல்லின் பக்கம் திரும்பினார். கடையில் கிடைத்த பிரஷ்களின் இழை முனைகளை உருப்பெருக்கியில் பார்த்தபோது, அவை வெட்டிய கம்பிபோலக் கூர்மையாக இருந்தன. ஈற்றைக் கிழிக்க அதுவே போதும். 1948-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் ஒரு பிரஷ்ஷின் இலக்கணமே இருந்தது: நேரான பிடி, உருட்டிய முனை, இழையின் விட்டம் 0.007 அங்குலம், அதாவது ஏறத்தாழ 0.18 மில்லிமீட்டர். பல்லும் ஈறும் சேரும் கோட்டில் 45 பாகைச் சாய்வில் வைத்து மெல்ல அதிர்த்துத் துலக்க வேண்டும் என்ற பாஸ் முறையும் இவருடையதே.

விட்டத்துக்கு ஏன் இவ்வளவு கண்டிப்பு? பிளஸ் டூ மாணவர்கள் படிக்கும் வளைச்சட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனை பதிக்கப்பட்ட இழையை வளைக்கத் தேவைப்படும் விசை, விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்திலும் நீளத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். இன்று மென்மை எனப்படும் பிரஷ்ஷில் இழையின் விட்டம் சுமார் 0.2 மில்லிமீட்டர், நடுத்தரத்தில் 0.3, கடினத்தில் 0.4. 0.2-இலிருந்து 0.3-க்குப் போனால் விறைப்பு ஒன்றரை மடங்குதானே கூடும் என்று தோன்றும். கணக்குப் போட்டால் ஐந்து மடங்கு வருகிறது. 0.4-க்குப் பதினாறு மடங்கு! அதேபோல 12 மில்லிமீட்டர் நீள இழையைப் 10 மில்லிமீட்டராகக் குறைத்தால் விறைப்பு ஒன்றே முக்கால் மடங்கு ஆகும். கல்லூரி ஆய்வகத்தில் திருகளவி இருக்கிறது. பழைய பிரஷ்ஷிலிருந்து ஓர் இழையைப் பிடுங்கி அளந்து பார்க்கலாம்; கம்பியின் விட்டத்தையே ஆண்டுதோறும் அளந்து சலிப்பதைவிட இது சுவையான சோதனை.

பன்னிருவரும் நானூற்று எண்பதின்மரும்

பற்படலம் உண்மையிலேயே நோயைத் தருகிறதா? 1960-கள் வரை இதற்கு ஐயமற்ற சான்று இல்லை. வயது, சத்துக்குறைவு, பரம்பரை என்று பல காரணங்களைச் சொல்லி வந்தார்கள். டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் நார்வே நாட்டவரான ஹரால்ட் லோவும் அவருடைய கூட்டாளிகளும் 1965-இல் வெளியிட்ட ஆய்வு அந்த ஐயத்தைத் தீர்த்தது. நல்ல ஈறுகளையுடைய பன்னிரண்டு பேர்: பல் மருத்துவ மாணவர் ஒன்பது பேர், ஆசிரியர் ஒருவர், ஆய்வகப் பணியாளர் இருவர். எல்லாரும் பல் துலக்குவதை அடியோடு நிறுத்தினார்கள். பத்திலிருந்து இருபத்தொரு நாளுக்குள் பன்னிரண்டு பேருக்கும் ஈறு சிவந்து வீங்கிவிட்டது. பிறகு பிரஷ்ஷைக் கையில் கொடுத்ததும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் எல்லாருக்கும் குணமாயிற்று. நிறுத்தினால் நோய், தொடங்கினால் குணம். இவ்வளவு தெளிவான சோதனை மருத்துவத்தில் எப்போதும் வாய்ப்பதில்லை.

அடுத்த கேள்வி, மூன்று வாரம் அன்று, முப்பது ஆண்டு துலக்காமலிருந்தால் என்ன ஆகும் என்பது. மாணவர்களை அப்படி வைத்திருக்க முடியாது. அப்படிப்பட்ட மக்களைத் தேடி லோவின் குழு வந்து சேர்ந்த இடம் இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள். 1970-இல் இரண்டு தோட்டங்களிலிருந்து 480 ஆண் தொழிலாளர்கள் ஆய்வில் சேர்க்கப்பட்டார்கள். அனைவரும் தமிழர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து மலையேறிப் போன குடும்பங்களின் வழி வந்தவர்கள். பல் துலக்கும் பழக்கம் அவர்களிடையே இல்லை, பல் மருத்துவம் எதுவும் அவர்களை எட்டியதில்லை என்று ஆய்வறிக்கை கூறுகிறது. அதனால்தான் அவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். ஒப்பிடுவதற்காக ஆஸ்லோ நகரில் மாணவர்களும் கல்வியாளர்களும் அடங்கிய இன்னொரு குழு இருந்தது. பள்ளிப் பருவம் முதலே ஒழுங்கான பல் மருத்துவம் பெற்றவர்கள்.

பதினைந்து ஆண்டுக் காலத்தில் தோட்டத் தொழிலாளர்கள் மீண்டும் மீண்டும் பரிசோதிக்கப்பட்டார்கள். 1986-இல் வந்த முடிவு பல் மருத்துவ உலகத்தைத் திடுக்கிட வைத்தது. எல்லார் பல்லிலும் படலமும் காரையும் நிறைந்திருந்தன. எல்லார் ஈறும் அழன்றிருந்தது. ஆனால் விளைவு ஒன்றாக இல்லை. ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்கு நோய் விரைந்து பரவியது. இவர்கள் இருபது வயதிலேயே பல்லை இழக்கத் தொடங்கி, 35 வயதில் 12 பற்களையும், 40-இல் 20 பற்களையும் இழந்து, 45-இல் பொக்கை வாயராகிவிட்டார்கள். 81 விழுக்காட்டினருக்கு மெதுவாக முன்னேறி, 45 வயதில் சராசரி 7 பற்கள் போயின. மீதி 11 விழுக்காட்டினருக்கு ஈறு அழற்சிக்கு மேல் நோய் முற்றவே இல்லை, பல்லும் விழவில்லை! இவர்களுக்குப் பற்சொத்தை ஏறக்குறைய இல்லை என்பதால், போன பற்கள் எல்லாம் ஈறு நோயாலேயே போயின என்று கொள்ள முடிந்தது. ஒரே தோட்டம், ஒரே உணவு, ஒரே அழுக்கு. விளைவு மட்டும் மூன்று. உடலின் எதிர்ப்பாற்றலைப் பற்றிய இன்றைய ஆய்வுகள் பல இந்த எண்களிலிருந்து கிளம்பியவை.

உலகெங்கும் பல் மருத்துவ மாணவர்கள் இந்த 480 பேரைப் பற்றிப் படிக்கிறார்கள். படிக்கும்போது ஒன்று உறுத்த வேண்டும். ஆர்ஹூஸ் நகரத்துப் பன்னிருவருக்கு மூன்று வாரத்தில் பிரஷ் திரும்பக் கிடைத்தது. ஈறு அழன்றால் பிரஷ் போதும் என்று 1965-லேயே மெய்ப்பித்த அதே விஞ்ஞானிதான் ஐந்து ஆண்டு கழித்து இந்தத் தோட்டங்களில் நோயின் இயற்கைப் போக்கைக் காணப் புறப்பட்டவர். அந்நாளில் ஆராய்ச்சி விதிகள் இன்றுபோல் கடுமையாக இல்லை என்று சொல்லலாம். ஆய்வு இல்லாவிட்டாலும் அவர்களுக்குப் பல் மருத்துவர் கிடைத்திருக்க மாட்டார் என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மையே. ஆனால் அப்படி ஒரு மக்கள் கூட்டம் ஆய்வுக்கு வசதியாக ஏன் இருந்தது என்ற கேள்விக்கு அவை விடை ஆகா. லயக் காம்பராக்களில் நாலைந்து தலைமுறை வாழ்ந்தும் குடியுரிமை கேள்விக்குறியாகவே இருந்தவர்கள் மலையகத் தமிழர். 1964 ஒப்பந்தத்தின்படி அவர்களில் பல இலட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்பும் வேலை நடந்துகொண்டிருந்த காலம் அது. 2010-இல் ஆராய்ச்சியாளர்கள் திரும்பிச் சென்றபோது பழைய 480 பேரில் பரிசோதனைக்கு வந்தவர்கள் 75 பேர்.

சிவப்பு மையும் மதிப்பெண்ணும்

இனி அளவுகோலுக்கு வருவோம். பற்படலம் பல்லின் நிறத்திலேயே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அயோடின் கரைசலைப் பூசிப் பார்த்தார்கள். 1960-களில் எரித்ரோசின் என்ற சிவப்புச் சாயம் வந்தது. மிட்டாய்களில் சேர்க்கும் உணவுச் சாயம்தான். மென்று துப்பினால் படலம் உள்ள இடமெல்லாம் சிவந்து நிற்கும்.

சிவப்பைப் பார்த்து மதிப்பெண் போடும் முறைகளில் 1962-இல் குவிக்லி, ஹைன் இருவரும் வகுத்து 1970-இல் டுரெஸ்கி குழு திருத்தியது பரவலாக வழங்குகிறது. பல்லில் படலமே இல்லையென்றால் சுழி. ஈற்றோரம் சிதறிய புள்ளிகள் என்றால் 1. ஈற்றோரமாக ஒரு மில்லிமீட்டர் அகலம் வரை கோடாக இருந்தால் 2. அதற்கு மேல், ஆனால் பல்லின் மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் 3. மூன்றில் இரு பங்கு வரை 4. அதற்கும் மேல் 5.

இங்கே இயற்பியல் ஆசிரியனுக்கு ஓர் ஆட்சேபம் உண்டு. துலக்குமுன் 4, துலக்கியபின் 2 என்றால் அழுக்கு பாதியாகக் குறைந்தது என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் பரப்பைப் பாருங்கள். 4 என்பது பல்லில் ஏறத்தாழ அரைவாசி. 2 என்பது ஒன்பது மில்லிமீட்டர் உயரப் பல்லில் ஒரு மில்லிமீட்டர் கோடு, அதாவது ஒன்பதில் ஒன்று. பரப்பு ஐந்தில் ஒன்றுக்குச் சற்று மேலாகக் குறைந்துவிட்டது. மதிப்பெண்ணோ பாதிதான் குறைந்தது. தேர்வில் முதல் ரேங்க்குக்கும் இரண்டாம் ரேங்க்குக்கும் இடையே எத்தனை மதிப்பெண் என்று ரேங்க்கைப் பார்த்துச் சொல்ல முடியாது அல்லவா? அதைப் போன்றதே இது. அமெரிக்கக் கடற்படையின் பெயரால் வழங்கும் இன்னொரு முறை, பல்லின் பரப்பைக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் படலம் உண்டா இல்லையா என்று மட்டும் பார்க்கும். அளவுகோல் மாறினால் விடையும் மாறும்.

எவ்வளவு மாறும் என்பதை 2012-இல் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் தொகுத்துக் காட்டினார்கள். கைப்பிரஷ்களைக் கொண்டு ஒருமுறை துலக்கிப் பார்த்த 59 ஆய்வுக் கட்டுரைகள், 212 சோதனைகள், பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒருமுறை துலக்கும்போது நீங்கும் படலம் சராசரி 42 விழுக்காடு. குவிக்லி–ஹைன் முறையில் அளந்தால் 30. கடற்படை முறையில் அளந்தால் 53. விளம்பரப் பலகையில் ஒரு விழுக்காட்டைப் பார்த்தால், எந்த அளவுகோல் என்று கேட்காமல் அதை நம்புவதற்கில்லை.

சரி, எந்தப் பிரஷ் வென்றது? மட்டமாக வெட்டிய இழைகளைவிட ஏற்ற இறக்கமாக வெட்டியவை சற்று மேல். இரு பக்கமும் சாய்வாகக் குறுக்கே நட்ட இழைகள் அவற்றையும்விடச் சற்று மேல். சாய்ந்த இழை பல்லின் வளைவுக்குள் புகுகிறது என்பதே காரணம். கடினப் பிரஷ் பற்றி 2011-இல் ஒரு ஜெர்மன் சோதனை வெளிவந்தது. அது படலத்தைக் கூடுதலாகவே நீக்கியது, ஆனால் ஈற்றில் காயத்தையும் கூடுதலாக ஏற்படுத்தியது. ஆகவே மென்மையான பிரஷ்ஷே ஈற்றுக்கு நல்லது. பாஸ் சொன்ன 0.007 அங்குலத்துக்கே சுற்றி வந்தாயிற்று.

பிரஷ்ஷின் வடிவத்தைவிடக் கடிகாரம் அதிகம் பேசுகிறது. ஒரு நிமிடம் துலக்கினால் சராசரி 27 விழுக்காடு, இரண்டு நிமிடம் துலக்கினால் 41 விழுக்காடு நீங்கியதாக அதே ஆய்வாளர்களின் தொகுப்புகள் கூறுகின்றன. இதையும் ஒரு கணக்காகப் பார்ப்போம். முதல் நிமிடத்தில் 27 போனால் 73 எஞ்சும். கதிரியக்கச் சிதைவைப் போல அடுத்த நிமிடமும் எஞ்சியதில் அதே விகிதம் போயிருந்தால் மொத்தம் 47 நீங்கியிருக்க வேண்டும். 41-தான் நீங்கியது. எஞ்சிய அழுக்கு எளிய இடத்து அழுக்கு அன்று. பிரஷ் எட்டாத இடத்து அழுக்கு. லீவன்ஹுக் குச்சியால் குத்தி எடுத்தாரே, அந்த இடம்.

இத்தகைய சோதனைகளில் மற்றொரு சிக்கலும் உண்டு. தம்மை யாரோ அளக்கிறார்கள் என்று தெரிந்ததும் எல்லாரும் நன்றாகத் துலக்கத் தொடங்கிவிடுவார்கள். புதுப் பிரஷ் கிடைத்தால் இன்னும் ஆர்வம். ஆகவே இரு பிரஷ்களையும் ஒரே ஆளிடம் மாற்றி மாற்றிக் கொடுப்பார்கள். மதிப்பெண் போடுபவருக்கு எந்தப் பிரஷ் என்று தெரியாமல் மறைத்துவிடுவார்கள். செலவைப் பிரஷ் கம்பெனியே ஏற்கும் சோதனைகளும் பல. படிப்பவர் அதையும் கவனிக்க வேண்டும்.

திண்ணைக்குத் திரும்பினால்

வேப்பங்குச்சிக்கு வருவோம். மென்ற குச்சியின் நுனி ஒரு தூரிகையே. நார்கள் இழைகளாக நிற்கின்றன. வேறுபாடு ஒன்றுதான். பிரஷ்ஷில் இழைகள் பிடிக்குச் செங்குத்தாக நிற்கும். குச்சியிலோ நார்கள் குச்சியின் நீளப்போக்கிலேயே நீண்டிருக்கும். முன்பல்லின் வெளிப்பக்கத்துக்கு அது நேராகப் போய்ச் சேரும். கடைவாய்ப் பல்லின் உட்பக்கத்தை அதைக் கொண்டு தொட்டுப் பாருங்கள், தெரியும்! குச்சி பிடிப்பவர்கள் பத்துப் பதினைந்து நிமிடம் மெல்லுகிறார்கள் என்பது அதற்குச் சாதகம். அவசரமாக அரை நிமிடம் பிரஷ் ஓட்டுபவரைவிட அவர் பல் தூய்மையாக இருக்கவும் கூடும். ஆனால் உட்பக்கத்தைத் துலக்க அவர் தனியே மெனக்கெட வேண்டும். நார் நைந்ததும் நுனியை வெட்டிவிட்டுப் புதிதாக மெல்லலாம். நைலான் பிரஷ்ஷில் அது முடியாது. மூன்று நான்கு மாதத்தில், அல்லது இழைகள் விரிந்ததும், அதற்கு முன்பேகூட, மாற்றிவிட வேண்டும் என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் சொல்கிறது.

விரலும் பொடியும் பற்றித்தான் அஞ்ச வேண்டியிருக்கிறது. விரல் நுனி அகலமானது, மெத்தென்றது. பல்லின் மேடான பரப்பை மட்டும் தொடும். ஈற்றோரப் பள்ளத்துக்குள் இறங்காது. அந்தக் குறையை ஈடுகட்டப் பொடியின் கரகரப்பை நாடுகிறோம். பல்லின் எனாமல் மோ கடினத்தன்மை அளவில் சுமார் 5. செங்கற்பொடியிலும் மணலிலும் உள்ள குவார்ட்ஸ் 7. ஈறு இறங்கி வேர் வெளியே தெரிந்தால் அங்கே எனாமல் இல்லை. அடியிலுள்ள டென்டின் இன்னும் மென்மையானது. உமிக்கரியில் மணற்சத்தாகிய சிலிக்கா நிறைய உண்டு. மெல்ல எரிந்த உமியில் அது படிகமாகாமல் இருக்கும். சூளைபோன்ற கடும் வெப்பத்தில் எரிந்தால் கடினமான படிகமாக மாறிவிடும். ஆகவே ஒரு வீட்டு உமிக்கரியைப் போல இன்னொரு வீட்டுடையது இராது. முதியவர்கள் சிலருக்கு ஈற்றோரத்தில் பல்லில் ஆப்பு வடிவப் பள்ளம் விழுந்திருப்பதைக் காணலாம். கரகரப்பான பொடியை ஆண்டுக்கணக்கில் அழுத்தித் தேய்ப்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

பல் மருந்துக் கடைகளில் சிவப்பு மாத்திரையோ கரைசலோ கிடைக்கும். வீட்டில் வழக்கம்போலத் துலக்கிவிட்டு, அதை வாயில் ஊறவைத்துக் கொப்பளித்த பின் கண்ணாடி முன் நின்று பார்க்கலாம். சிறு கைக்கண்ணாடி ஒன்றும் இருந்தால் உட்பக்கம் தெரியும். பெரும்பாலோருக்குக் கீழ்ப்பற்களின் நாக்குப் பக்கத்திலும், கடைவாய்ப் பற்களின் இடுக்கிலும், ஈற்றோரக் கோட்டிலும் சிவப்பு நிற்கும். அடுத்த நாள் அந்த இடங்களுக்கு மட்டும் கூடுதலாக அரை நிமிடம் கொடுத்து மறுபடி பார்த்தால், எந்தப் பிரஷ்ஷாக இருந்தாலும், மதிப்பெண் இறங்கியிருக்கும். இடுக்குகளில் மட்டும் கொஞ்சம் சிவப்பு நிற்கும். அதற்கு நூலோ, இடுக்குக்கென்றே செய்யும் சின்னஞ்சிறு தூரிகையோ வேண்டும்.